ராஜா கத்தியா, பேனாக்கத்தியா?

இந்த எபிசோட் முழுக்க ஒரு கத்தியைப் பற்றி. வாள், ஈட்டி, போர்க்களம் எல்லாம் எதிர்பார்த்து வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். அதுவும் நடுவில் வருது, ஆனால் நாயகன் என்னவோ இடுப்பில் செருகிக்கொள்கிற ஒரு சின்ன மடக்குக் கத்திதான்.

முதல்ல அதோட பெயர். நம்ம வீடுகளில் அதுக்குப் பேனாக்கத்தி என்று பெயர். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? நாம அதை வைத்துப் பென்சில் சீவியிருப்போம், மாங்காய் நறுக்கியிருப்போம். பேனாவை யாரும் சீவியது கிடையாது. ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சீவினாங்க. அப்போ பேனா என்பது வாத்து இறகு. எழுத எழுத முனை மழுங்கும். மறுபடி சீவணும். அதற்காக எழுதுகிறவன் எப்போதும் கூடவே வைத்திருந்த சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. 'பேனா' என்ற சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது. அங்கே அதற்குப் பொருள் இறகு. ஆக, இறகு போய் இரும்பு நிப்பு வந்து, அதுவும் போய் பால்பாயின்ட் வந்த பிறகும், கத்தி மட்டும் பழைய வேலையின் பெயரைச் சுமந்துகிட்டே இருக்கு. நம்ம கம்ப்யூட்டரில் சேமிக்கிற பொத்தானுக்கு இன்னும் ஃப்ளாப்பி படம் போட்டிருக்கிற மாதிரி.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம், நம்மிடமும் இதே மாதிரி ஒன்று இருந்தது என்பது. இறகு கிடையாது, காகிதம் கிடையாது. ஆனால் எழுதுகிறவனின் இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அதுதான் மடக்கெழுத்தாணி.

ஓலையில் எழுதும் ஆணியில் பல வகை உண்டு. குண்டெழுத்தாணிக்குத் தலை கனமாக, குண்டாக இருக்கும். வாரெழுத்தாணியில் ஒரு முனை எழுத, மறு முனையில் ஓலையை வாருவதற்குக் கத்தி. மடக்கெழுத்தாணி என்பது ஆணியையும் கத்தியையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்கிற வகை. சூரியமூலையில் 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தன் சுயசரிதையில் எழுத்தாணிகளைப் பற்றிச் சொல்கிறார். இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அந்தப் பள்ளத்தில் நிறுத்தி எழுதுவாங்க என்பதையும் அவர் பதிவு செய்திருக்கார். ஆணி நிற்கும் இடத்திலேயே நிற்கும், ஓலைதான் இடது பக்கமாக நகரும். இப்போ டைப்ரைட்டரை நினைச்சுப் பாருங்க. அதிலும் எழுத்து ஒரே இடத்தில்தான் விழும், காகிதம்தான் நகரும்.

கத்தி எதுக்கு என்றால், பனையோலை நேராக ஏட்டு வடிவத்தில் வந்துவிடாது. நடு நரம்பை நீக்கணும், ஓரத்தைச் சமமாக நறுக்கணும், துளை போடணும். அதனால் எழுதத் தெரிந்தவனுக்குக் கத்தியும் பிடிக்கத் தெரிந்திருக்கணும். ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு இது இரண்டும் அன்றாட வேலை. எந்த நிலம் யார் பேரில், எத்தனை மா, குறுவை எவ்வளவு கண்டது, சம்பா எவ்வளவு கண்டது, வாய்க்கால் மராமத்துக்கு யார் ஆள் அனுப்பணும், எல்லாம் அவர் ஓலையில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கும்பினி நிர்வாகத்தில் மெல்ல மெல்லக் காகிதம் வந்தது. ஓலை போனது, மடக்கெழுத்தாணியும் போனது. அதே இடுப்பு மடிப்பில் பேனாக்கத்தி வந்து உட்கார்ந்தது.

எங்க வீட்டுக் கத்தியின் கதையும் இங்கேதான் ஆரம்பிக்குது.

எங்க அப்பா வழி ஊர் திருக்காட்டுப்பள்ளி. தஞ்சாவூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊர் என்று சொன்னால் டெல்டாக்காரங்களுக்குச் சட்டுனு புரியும். அக்னீஸ்வரர் கோயில், சர் சிவசாமி ஐயர் பள்ளிக்கூடம், அவ்வளவுதான் அடையாளம். கொள்ளுத்தாத்தா பக்கத்துக் கிராமத்தில் கணக்கு வேலை பார்த்தவர். அந்த வேலை பரம்பரையாகவே வந்து, 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒரே உத்தரவில் ஒழித்தபோது எங்க குடும்பத்தில் முடிந்தது. மிச்சம் ஒரு தகரப் பெட்டி. அதில் செல்லரித்த அடங்கல் நோட்டுகள், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, அப்புறம் துருப்பிடித்து மூடிக்கொண்ட ஒரு மடக்குக் கத்தி.

அந்தக் கத்திக்கு வீட்டில் ஒரு வரலாறு உண்டு. அது தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையை உடைத்து விற்றபோது எங்க எள்ளுத்தாத்தா ஏலத்தில் எடுத்தது. அதாவது அது ராஜா கத்தி. கல்யாண வீடு, கருமாதி வீடு எல்லாவற்றிலும் சொல்லப்பட்டு உறுதியான கதை. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னாடி பெரியப்பா போன் பண்ணினார்.

"தம்பி, ராஜா கத்தியைப் பூசைக்கு வைக்கணும்டா. சாணை பிடிக்கிறவன்கிட்ட குடுத்தா அரைமணியில வெள்ளியாட்டம் ஆக்கிக் குடுத்துடுவான்."

"பெரியப்பா, சாணைக்கு மட்டும் குடுத்துடாதீங்க. நான் சனிக்கிழமை வர்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், சாணைக்கல் துருவை மட்டும் எடுக்காது. துருவோடு சேர்த்து இரும்பின் மேல்தோலையும் எடுத்துவிடும். கத்தி செய்தவன் தன் பெயரையோ குறியையோ அடிப்பது அந்த மேல்தோலில்தான். அலகு பிடியோடு சேர்கிற இடத்தில், அரை விரல்கடை அகலத்தில். ராஜா கத்தியா இல்லையா என்பதற்கு ஏதாவது சாட்சி மிஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும். சாணை பிடித்த பிறகு வீட்டுக் கதை மட்டும்தான் மிஞ்சும்.

கத்தியைத் தொடுவதற்கு முன்னாடி அந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்று பார்க்கலாம். ஆயுதசாலை உண்மை, உடைத்து விற்றதும் உண்மை. தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சரபோஜியின் மகன் அவர். கும்பினி உடனே ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஆயுதங்கள் அப்போ கோட்டையில் குவிந்து கிடந்தன. தஞ்சாவூர் மாவட்டத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878-ல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சார்ஜா மாடியில் ஆயுதங்கள் மலை மலையாகக் கிடந்ததையும், துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிப் போயிருந்ததையும் அதில் சொல்கிறார். 1863-ல் அந்தக் குவியல் கலைக்கப்பட்டது. நல்லதாகத் தெரிந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சமெல்லாம் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டன.

பழைய இரும்பு விலைக்கு. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். அங்கே எது அருங்காட்சியகத்துக்கு, எது எடைக்கு என்று பிரித்ததில் துருவுக்குப் பெரிய பங்கு இருந்திருக்கணும். பளிச்சென்று தங்க வேலைப்பாடு தெரிந்தது தப்பியது. துருப்பிடித்துத் தன் முகத்தை மறைத்துக்கொண்டது கடப்பாரையாகவோ கலப்பைக் கொழுவாகவோ மாறியிருக்கும். அப்படி மாறிய இரும்பு எத்தனை வயலில் உழுதிருக்கும், யாருக்குத் தெரியும்? அந்த வகையில் எங்க வீட்டுக் கதை நடக்கவே முடியாத கதை இல்லை. சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து யாராவது வண்டி கட்டிப் போய் இரும்பு வாங்கியிருக்கலாம்.

சரி, சனிக்கிழமை. திண்ணையில் ஒரு பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்தோம்.

துருவைப் பற்றி ஒரு நிமிஷம். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு கூடும். அதனால்தான் மடக்குக் கத்தி திறக்காமல் இறுகிப்போகுது. மூட்டில் இருக்கிற முடி அளவு இடைவெளியைத் துரு உப்பி அடைத்துவிடும். பலம் கொடுத்து இழுத்தால் அலகு வராது, பிடியில் இருக்கிற ஆணிதான் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் முதல் வேலை காத்திருப்பதுதான். மூட்டில் மட்டும் மண்ணெண்ணெய் சொட்டு சொட்டாக விட்டோம். முழுக் கத்தியையும் ஊறப்போடக் கூடாது. பிடி கொம்பாகவோ எலும்பாகவோ இருந்தால் ஊறி வெடித்துவிடும். அன்றைக்கு ராத்திரி, மறுநாள் காலை, சாயங்காலம் என்று விட்டுக்கொண்டே இருந்தோம். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

பெரியம்மா புளி கொண்டுவந்தாங்க. "பித்தளைக் குடத்துக்குத் தேய்க்கறோமே, இதுக்கு ஆகாதா?" நியாயமான கேள்விதான். புளியின் அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் துரு தீர்ந்ததும் அது நின்றுவிடாது, அடியில் இருக்கிற இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். குறி அடித்த கோட்டின் ஓரங்கள் முதலில் கரையும். இணையத்தில் பார்க்கிற வினிகர், எலுமிச்சை எல்லாமே இதே கதைதான். சலவைச் சோடாவில் போட்டு பேட்டரி சார்ஜரால் மின்சாரம் செலுத்துகிற முறை ஒன்று இருக்கு. எனக்குள்ளே இருக்கிற என்ஜினியர் அதுக்குத்தான் துடிச்சான். ஆனால் எலும்புப் பிடியோடு அதைத் தண்ணியில் முக்க முடியாது.

கடைசியில் ஜெயித்தது ஒரு தட்டையான பித்தளைத் துண்டு. பித்தளை உருக்கைவிட மென்மையானது, அலகில் கீறல் விழாது. உதிரத் தயாராக இருக்கிற சிவப்புத் துருவைச் சுரண்டி எடுக்கும். சிவப்புக்கு அடியில் ஒரு கறுப்புப் படலம் இருக்கும். அதையும் துரு என்று நினைத்து எடுத்துவிடுவாங்க. அது வேற. இரும்பின் கறுப்பு ஆக்சைடு, நெருக்கமாக ஒட்டி இருப்பது. சிவப்புத் துரு ஈரத்தை உறிஞ்சி வைத்து மேலும் மேலும் அரிக்கும். கறுப்பு ஓரளவு காவலாக நிற்கும். அதை விட்டுவிட்டோம். வெள்ளியாட்டம் ஆகவில்லை என்று பெரியப்பாவுக்கு வருத்தம்தான்.

திங்கட்கிழமை மதியம் அலகு அசைஞ்சுது. பாதி வரை வந்து நின்றது. தையல் மெஷின் எண்ணெய் விட்டு மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் முதுகு ஸ்பிரிங் 'டக்' என்று அடித்து முழுசாகத் திறந்தது. இந்த வேலைக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசின் மாதிரி ஆகி மறுபடி இறுகிக்கொள்ளும்.

இப்போ குறி. அந்த இடத்தை மட்டும் பித்தளை கூட வைக்காமல், எண்ணெயில் தோய்த்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, போன் டார்ச்சைக் கத்தியோடு கத்தியாகச் சாய்த்து அடித்தோம். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் பள்ளமெல்லாம் நிழலாகும். தேய்ந்த கல்வெட்டைச் சாயங்கால வெயிலில் பார்த்தால் எழுத்து எழுந்து நிற்கும் இல்லையா, அதே தந்திரம். முதல் வரியில் செய்தவன் பெயர் இருந்திருக்கணும். அந்த இடம் முழுக்கக் குழி விழுந்துவிட்டது, ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. இரண்டாவது வரியில் ஆங்கில எழுத்தில் 'ஃபீல்டு' என்று முடிகிற ஒரு சொல். அதற்குக் கீழே சின்னதாக 'இங்' என்று ஆரம்பிக்கிற ஒன்று.

ஷெஃபீல்டு, இங்கிலாந்து.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ அரண்மனைக் கத்தி இல்லையா?" என்றார்.

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஷெஃபீல்டு கத்தி 1863-க்கு முன்னாடியே இந்தியாவுக்கு வந்திருக்கலாம். அந்த ஊர் அதற்கு ரொம்ப முன்பிருந்தே கத்திக்குப் பேர்போனது. அங்கே ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற கம்பெனியின் நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்த குறி 1682-லேயே பதிவானது. 1822-ல் அவங்க 1,822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து, வருஷத்துக்கு ஒரு அலகு சேர்த்துக்கிட்டே வந்தாங்க. விளம்பரம் என்றால் அது விளம்பரம். பிரச்சினை அந்த இரண்டாவது சொல்லில் இருக்கு. ஊர்ப் பெயருக்குக் கீழே நாட்டின் பெயர் எதற்கு? ஜெர்மனியின் சோலிங்கன் மலிவான கத்திகளைச் செய்து ஷெஃபீல்டு பெயரில் விற்குது என்று அங்கே பெரிய புகார் எழுந்தது. அதன் விளைவாக 1887-ல் பிரிட்டனில் சரக்குக் குறிச் சட்டம் வந்தது. 1889-ல் அதேபோல ஒரு சட்டம் இந்தியாவில் வந்தது. 1890-ல் அமெரிக்கா, வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தே ஆகணும் என்றது. அதிலிருந்துதான் ஷெஃபீல்டுக்காரங்க 'இங்கிலாந்து' என்று சேர்த்து அடிப்பது வழக்கமானது. பழங்கத்தி சேகரிக்கிறவங்க இதை ஒரு தோராயமான அளவுகோலாக வைத்திருக்காங்க. நாட்டின் பெயர் இருந்தால் சுமார் 1890-க்குப் பிறகு. எங்க கத்தி அரண்மனை ஏலத்துக்கு ஒரு தலைமுறை பிந்தியது. கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கியிருப்பார்.

பிடியும் ஏமாற்றியது. மேடு பள்ளமாக மான்கொம்பு போல இருந்தது. ஷெஃபீல்டுக்காரங்க கொம்புப் பிடிக்கு நம்ம நாட்டுக் கடமான் கொம்பைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்தவங்க. ஆனால் எங்களுடையது மாட்டெலும்பு, கொம்பு மாதிரி தெரியணும் என்று செதுக்கிச் சாயம் ஏற்றியது. மலிவுப் பதிப்பு. (உண்மையான மான்கொம்புப் பிடிக் கத்தி உங்க வீட்டில் இருந்தால் அதை விற்கவோ வாங்கவோ கிளம்பிடாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு.)

இத்தோட எபிசோடை முடிச்சிருக்கலாம். வீட்டுக் கதை பொய், கத்தி இங்கிலீஷ், நன்றி வணக்கம். ஆனால் பெரியப்பா கேட்ட ஒரு கேள்வி என்னை விடவில்லை. "ராஜா கத்தின்னா எப்படிடா இருக்கும், அதுல என்ன எழுதியிருக்கும்?"

தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து தப்பியவற்றில் பெயர்பெற்றவை கட்டாரிகள். குறுக்குப் பிடியைக் கையில் இறுக்கி, குத்துவதற்கென்றே செய்த ஆயுதம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் இருக்கு. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற ஆயுதச் சேகரிப்பாளர் 1935-ல் இறந்தபோது எழுதிவைத்த தொகுப்பில் போய்ச் சேர்ந்தவை. கைப்பிடிகள் அசல் தென்னிந்திய வேலை. யாளி, கிளி, கொடி என்று இரும்பில் கோயில் தூண் மாதிரி செதுக்கியிருப்பாங்க. அலகைப் பார்த்தால் பலவற்றில் ஐரோப்பிய அலகு! பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் கப்பலில் வந்த ஐரோப்பிய வாள்களை வெட்டி, நம்ம பிடியில் பொருத்தியிருக்காங்க. மராட்டியர்கள் ஐரோப்பிய அலகு பொருத்திய வாளை 'ஃபிரங்கி' என்றே அழைத்தாங்க. நாம் 'பரங்கி' என்கிறோமே, அதே சொல். பரங்கிக்காயில் இருக்கிற பரங்கிதான்.

ஆக, உண்மையான ராஜா கத்தியைத் துருவெடுத்துப் பார்த்திருந்தாலும் உள்ளே ஏதாவது ஒரு வெளிநாட்டு ஊர்ப்பெயர் கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. பெரியப்பாவிடம் இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

சரி, அதைத் திருப்பிப் போட்டால்? இங்கிலீஷ் கத்தியைத் துருவெடுத்தால் உள்ளே என்ன?

இங்கேதான் ஜோசையா மார்ஷல் ஹீத் வருகிறார். சென்னை மாகாணத்தில் கும்பினி அதிகாரியாக இருந்தவர். விலங்கியலிலும் பித்து, சென்னையில் கிடைத்த ஒரு மஞ்சள் வௌவால் இன்றைக்கும் அறிவியல் பெயரில் அவர் பெயரைத்தான் சுமக்குது. சேலம் பக்கம் இருந்தபோது அவர் கண்ணில் பட்டது கஞ்சமலை இரும்புத் தாதும், அதை உருக்காக்குகிற நம்ம ஆட்களின் முறையும். சின்னக் களிமண் மூசையில் இரும்புத் துண்டு, அதோடு காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பாங்க. ஆவாரையிலிருந்து கரி இரும்புக்குள் ஏறி உருக்காகும். ஐரோப்பியர்கள் இதைத்தான் 'வூட்ஸ்' என்று வியந்தது. சேலத்துக்காரங்களுக்கு அது வெறும் உருக்கு.

ஹீத் வேலையை விட்டுவிட்டு, அரசிடம் தனி உரிமை வாங்கி, 1830 வாக்கில் கடலோரத்தில் பெரிய இரும்பாலை ஆரம்பித்தார். ஊர் எது தெரியுமா? பரங்கிப்பேட்டை. நான் சொல்லி வைத்து அமைத்ததில்லை, வரலாறு தானாகவே அங்கே போய் நின்றது. சேலம் தாது, மரக்கரி, ஆங்கிலேய உலை. செய்த இரும்பை ஷெஃபீல்டுக்கு விற்பது திட்டம். ஷெஃபீல்டில் நல்ல உருக்குக்கு அப்போ சுவீடன் இரும்புதான், விலையோ அதிகம். அந்த இடத்தை நம்ம இரும்பு பிடிக்கணும் என்பது அவர் கனவு.

கனவு பலிக்கவில்லை. ஆலை கடனில் தள்ளாடி, கை மாறி, எழுபதுகளுக்குள் எல்லாம் முடிந்துபோனது. ஆனால் உருக்கோடு மல்லுக்கட்டியதில் ஹீத் ஒன்றைக் கண்டுபிடித்தார். மூசையில் உருக்கு உருகும்போது கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு வருது. முக்கியமாக, அந்த உருக்கை வெறும் இரும்போடு காய்ச்சி ஒட்ட முடியுது. கத்திக்காரங்களுக்கு இது வரப்பிரசாதம். விலை உயர்ந்த உருக்கை வெட்டுகிற பகுதிக்கு மட்டும் வைத்து, மிச்சத்தைச் சாதா இரும்பில் செய்யலாமே. 1839-ல் ஹீத் காப்புரிமை வாங்கினார்.

என் துறையில் இருக்கிறவங்க அடுத்து வருவதைக் கேட்டால் தலையில் அடிச்சுப்பாங்க. காப்புரிமையில் அவர் எழுதியது 'கார்புரெட் ஆஃப் மாங்கனீஸ்', அதாவது முன்கூட்டியே செய்து வைத்த மாங்கனீசு-கரிச் சேர்மம். ஷெஃபீல்டுக்காரங்க அந்தச் சேர்மத்தை வாங்காமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாக மூசையில் போட்டாங்க. உள்ளே சூட்டில் அது தானே சேர்மமாகிக்கொள்ளும். செலவும் குறைவு. "நாங்க உங்க காப்புரிமையைத் தொடவே இல்லையே!" அப்படிச் செய்தவர்களில் ஹீத்துக்கே ஷெஃபீல்டில் ஏஜென்டாக இருந்தவரும் ஒருவர். வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது. ஹீத் நொடித்துப்போய் 1851-ல் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தஞ்சாவூர் ராஜ்யம் கைமாறிய அதே வருஷம்.

எங்க கத்தியின் உருக்கு எந்த உலையில் வந்தது என்று பெயர் அழிந்த அந்த வரிதான் சொல்லியிருக்க முடியும். ஆனால் 1890-க்குப் பிந்திய ஷெஃபீல்டு கத்தி என்றால் இரண்டு வழிதான். ஒன்று மூசை உருக்கு, அதில் ஹீத் கண்ட மாங்கனீசு. இல்லையென்றால் 1856-ல் வந்த பெஸ்ஸிமர் முறையின் மலிவு உருக்கு. அதுவும் ராபர்ட் முஷெட் என்பவர் மாங்கனீசு சேர்த்த பிறகுதான் உருப்பட்டது. கறைபடியாத உருக்கை ஹாரி பிரியர்லி அதே ஷெஃபீல்டில் கண்டது 1913-ல். அது இதில்லை, இதுதான் துருப்பிடிச்சுதே.

ஹீத்தின் முயற்சியில் எனக்குச் சங்கடமான இடம் ஒன்று உண்டு. மலிவான இங்கிலீஷ் இரும்பையே நல்ல உருக்காக்கும் வழியைக் கண்டுபிடித்து, பரங்கிப்பேட்டை இரும்புக்கு ஷெஃபீல்டில் இருந்த கொஞ்சநஞ்சத் தேவையையும் அவரே குறைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோணுது. சேலத்தில் மூசை வைத்த குடும்பங்களின் கையிலிருந்து தொழில் போனது. ஐம்பது வருஷம் கழித்து ஒரு டெல்டாக் கணக்குப்பிள்ளை, மடக்கெழுத்தாணி இருந்த இடத்தில் செருகிக்கொள்ள, எலும்புப் பிடி போட்ட ஷெஃபீல்டு கத்தியைக் காசு கொடுத்து வாங்கினார்.

ஆயுத பூஜைக்குக் கத்தி தயாரானது. கறுத்த அலகு, பிடியின் இரு முனையிலும் லேசாக மின்னுகிற பித்தளை. குறி இருக்கிற இடத்தைத் தேய்க்கவே கூடாது என்று பெரியப்பாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தேன். உங்க வீட்டிலும் எரவாணத்திலோ தகரப் பெட்டியிலோ மடக்குக் கத்தி இருந்தால், மடக்கெழுத்தாணி இருந்தால் இன்னும் நல்லது, சாணைக்குக் கொடுப்பதற்கு முன்னாடி பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க.

பூஜையன்று வீடியோ காலில் வந்தேன். குங்குமம் வைத்த கத்தியைக் காட்டி, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அத்தையிடம் பெரியப்பா விளக்கிக்கொண்டிருந்தார். "இது சாதாரண கத்தி இல்லை. நம்ம சேலத்து இரும்பு. கப்பலேறி சீமைக்குப் போயி, பேரு வெட்டிக்கிட்டுத் திரும்பி வந்தது."

"பெரியப்பா, அது சேலத்து இரும்பு இல்லை, மாங்கனீசு..." என்று ஆரம்பித்தேன். அத்தை ஏற்கெனவே கத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டிருந்தாங்க.